கேசட்டில் பேசிய முதலாளி

இன்னாசிராஜ் கொத்தனார் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சிரிக்காதீர்கள். எண்பத்திரண்டாம் வருஷம் திருச்சி பாலக்கரையில் 'எட்டு வீட்டு மாடி'யை ஹோட்டலாக மாற்றுகிற வேலை நடந்தபோது அதுதான் அங்கே வழக்கம். முற்றத்தைப் பார்த்த சன்னல் திட்டில் ஒரு நேஷனல் பானாசோனிக் இருக்கும். அதற்குள்ளிருந்து துபாயில் இருக்கும் முதலாளி பேசுவார். "அஸ்ஸலாமு அலைக்கும். இன்னாசி, நல்லா இருக்கியா?" என்று பெட்டி கேட்கும். "மாதா புண்ணியத்துல நல்லா இருக்கேன் பாய்" என்று இன்னாசிராஜ் பெட்டிக்குப் பதில் சொல்வார். சித்தாள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். "முதலாளி பேசுறப்ப என்னங்கடி இளிப்பு?" என்று அவர் திரும்பி ஒரு முறை முறைப்பார்.

சன்னலுக்குத் திரை போட்டிருக்கும். திரைக்குப் பின்னால், பொத்தான் மேல் விரலை வைத்தபடி கமர் ஜஹான் உட்கார்ந்திருப்பாள். முதலாளி ஜெகபர் சாதிக்கின் மனைவி. கட்டடமே அவளுடையதுதான், அவளுடைய அத்தா அவள் பங்காக எழுதி வைத்துவிட்டுப் போனது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பெண்கள் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வந்து நின்று பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அவள் தன் நாத்தனார் சாரா பீவியிடம் சொல்வாள், வயதில் மூத்தவள் என்பதால் சாரா பீவி வாசல் வரை போய்ச் சொல்வாள், அதை இன்னாசிராஜ் பாதி காதில் வாங்கிக்கொண்டு, "சரிங்க, பாய் என்ன சொல்லியிருக்காரு?" என்பார். பெண்பிள்ளை பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. அதனால்தான் கேசட்.

துபாய்க்குப் போன வீடுகளில் எல்லாம் அப்போது கேசட்தான் கடிதம். ஊருக்கு வருகிறவன் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் மனைவிக்கு, மறுபக்கம் அம்மாவுக்கு என்று பேசி வைத்திருப்பார்கள். ஜெகபர் சாதிக் ஒரு பக்கம் முழுக்க இன்னாசிராஜுக்குப் பேசுவார். அவர் அங்கே பெரிய ஹோட்டல் ஒன்றில் ரூம் பாயாகச் சேர்ந்து, ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். ஹோட்டல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழாகப் பாடம்.

எட்டு வீட்டு மாடி என்பது பெயருக்கேற்றபடி எட்டு வீடுகள். கீழே நாலு, மேலே நாலு, நடுவில் கிணற்றோடு ஒரு முற்றம். தோல் வியாபாரத்தில் கொழித்த கமர் ஜஹானின் பாட்டனார் ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. பர்மா தேக்கில் அகலமான மாடிப்படி, வழவழவென்று சிவப்புத் தரை, மரப் பட்டைகளைச் சாய்த்து அடுக்கிய சன்னல் கதவுகள். குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொன்மலை குவார்ட்டர்ஸுக்கும் புத்தூருக்கும் போய்விட, கடைசியில் எட்டு வீட்டோடு சேராத பின்கட்டில் கமர் ஜஹானும் சாரா பீவியும்தான் மிச்சம். பிள்ளை இல்லை. அதற்கும் ஊர் ஆயிரம் பேசியது. கல்யாணமான மறு வருஷமே கப்பலேறிப் போய், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவரை விட்டுவிட்டு, அவளைப் பார்த்துப் பேசியது. ஊருக்கு வேறு என்ன தெரியும்?

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் வந்து நிற்க வேண்டும். பத்துப் பதினோரு வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்திக் கேட்டது அதைத்தான். "ஹோட்டல் எழும்பி நின்னுச்சுன்னா நானும் நின்னுடுறேன் கமரு" என்று அவர் கேசட்டில் சொல்லியிருந்தார். "லீவுல வரேன். வர்றப்போ ஹோட்டல் தொறக்கிற மாதிரி இருந்தா விசாவைத் தூக்கிப் போட்டுடுறேன். இல்லைன்னா போயிட்டு வர வேண்டியதுதான், வேற வழி இல்லை." அந்த இடத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் நாடா இழுத்துக்கொண்டு அவர் குரல் கொரகொரத்துப் போனது.

வேலை தொடங்கியது. முதல் சண்டையே அடுப்பங்கரையில். எட்டு வீட்டுக்கும் கக்கூஸ் கொல்லையில் வரிசையாக இருந்தது. ஹோட்டல் என்றால் ரூமுக்கு ரூம் அட்டாச்சுடு பாத்ரூம் வேண்டும். குழாயும் சாக்கடையும் போகிற வசதி அடுப்பங்கரையில்தான் இருந்தது. "அடுப்பு எரிஞ்ச இடத்துல கக்கூஸா? அல்லா! இந்த அநியாயத்தை எங்கயாவது கேட்டதுண்டா?" என்று சாரா பீவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். இன்னாசிராஜும் பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "முன்னாடி இங்க குடியிருந்த இருதயமேரியம்மா வீட்டு அடுப்புங்க அது. கிறிஸ்மஸுக்கு எங்களுக்கெல்லாம் அதுல பலகாரம் சுட்டுக் குடுப்பாங்க. நான் இடிக்க மாட்டேன்" என்றார். கமர் ஜஹான் பொத்தானை அழுத்தினாள். "இன்னாசி, ரூமுக்கு ஒரு பாத்ரூம். அதுல பேச்சே கிடையாது" என்றது பெட்டி. "சரிங்க பாய்" என்றார் இன்னாசிராஜ். அடுப்பு போயிற்று.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் பெட்டியின் பலம் புரிந்தது.

அதே கேசட்டில் மேற்கொண்டு இன்னும் நிறைய இருந்தது. மரப்படியைப் பிடுங்கிவிட்டு மொசைக் படி வைக்க வேண்டும். சிவப்புத் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு மொசைக் போட வேண்டும். பட்டைச் சன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி மாட்ட வேண்டும். கேட்டுவிட்டு அவள் எழுந்து போய் மரப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மேல் வீட்டில் முன்பு குடியிருந்த சவரிராயன், ஸ்ரீரங்கத்துக்கும் மலைக்கோட்டைக்கும் வருகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற கைடு. அவர் ஒரு நாள் வந்து, வாசலில் நின்றபடியே சாரா பீவியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "துபாய்ல இருக்கிற மாதிரி ரூம் வேணும்னா வெள்ளைக்காரன் துபாய்லயே எறங்கிக்க மாட்டானா? இங்க எதுக்கும்மா வர்றான்? ஸ்ரீரங்கத்துல நாள் பூரா கோபுரத்தையும் கல்தூணையும் அண்ணாந்து பார்த்துட்டு வர்றவனை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டியூப் லைட்டு போட்ட லாட்ஜுல கொண்டு போய் விட எனக்கே மனசு வரலை. இந்தப் படியையும் சன்னலையும் அப்படியே வச்சிருங்க. ஆள் கொண்டாறது என் பொறுப்பு."

அது கமர் ஜஹானின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அவருக்குக் கேசட்டில் சொன்னால், அது போய்ச் சேர்ந்து, அவர் கோபப்பட்டு, அந்தக் கோபம் திரும்பி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். இன்னாசிராஜிடம் சொன்னாலோ, பாய் என்ன சொன்னார் என்பார். அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். பாத்ரூம் வரைக்கும் ஓடவிடுவாள். மரப்படி என்ற பேச்சு வருவதற்கு முன்னால் டக்கென்று நிறுத்தி, அந்த இடத்தைத் தாண்டி நாடாவை ஓட்டிவிட்டு மறுபடியும் போடுவாள். கரண்டு வயர், தண்ணீர்த் தொட்டி, கொசுவலை எல்லாம் ஓடும். மொசைக் வந்தால் டக். அலுமினியம் வந்தால் டக். எந்த மூச்சுக்கு அப்புறம் எந்த வார்த்தை வரும் என்று விரலுக்கே தெரிந்துபோனது. "பாய் சுருக்கமாத்தான் பேசுறாரு" என்று இன்னாசிராஜ் மெச்சிக்கொண்டார்.

கட்டடம் மெல்ல மெல்ல அவள் நினைத்தபடி வந்தது. சுவரில் ஏறியிருந்த நீலமும் பச்சையுமான பெயின்டைச் சுரண்டி எடுத்து வெறும் சுண்ணாம்பு அடித்தார்கள். தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் சிவப்பு எழுந்து வந்தது. அவளுக்கு ஒரே பரபரப்பு. விடிந்ததும் வேலையாட்கள் வருவதற்கு முன்னால் எட்டு வீட்டிலும் ஏறி இறங்கிவிடுவாள், அவர்கள் போன பிறகு மறுபடியும் ஒரு சுற்று. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு சன்னல் ஞாபகம் வரும், கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவாள். "உனக்குக் காலுல சக்கரமாடி கட்டியிருக்கு?" என்று சாரா பீவி திட்டுவாள்.

அப்போதுதான் முசிறியில் அவளுடைய சாச்சி மவுத்தாகிப் போனாள். தாயில்லாத அவளை வளர்த்த சின்னம்மா. மூன்றாம் நாள் பாத்திஹா முடியாமல் வர முடியாது. கமர் ஜஹான் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவளுக்குத் தோன்றவில்லை. துக்கத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

இங்கே கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு இன்னாசிராஜ் வாசலில் வந்து நின்றார். "அடுத்த வேலைக்கு பாய் என்ன சொல்லியிருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா." சாரா பீவிக்கு டேப் ரிக்கார்டரில் ஒரு பொத்தான்தான் தெரியும். அதை அழுத்திவிட்டு, தம்பியின் குரலைக் கேட்கிற ஆசையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேசட் பாத்ரூமில் நிற்காமல், கொசுவலையில் நிற்காமல், கடைசி வரைக்கும் ஓடியது. மரப்படி, மொசைக், அலுமினியம் எல்லாம் முற்றத்தில் கணீரென்று ஒலித்தது. "பாய் இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து பேசியிருக்காரு" என்று இன்னாசிராஜ் உற்சாகமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் கமர் ஜஹான் திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்தபோது, மாடிப்படி இருந்த இடம் பல் பிடுங்கின வாய் மாதிரி இருந்தது. தேக்குப் பலகைகள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. மேலே முதல் வீட்டில் யாரோ தரையைக் கொத்துகிற சத்தம் கேட்டது. கிணற்றடியில் கழற்றிய சன்னல் கதவுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அவள் உள்ளே போகவில்லை, நாத்தனாரைத் தேடவில்லை. பஸ்ஸில் வந்த கசங்கிய சேலையோடு, முக்காடு தோளில் நழுவிக் கிடக்க, நேரே முற்றத்துக்கு நடுவில் போய் நின்றாள். "நிறுத்துங்க!" என்றாள்.

அப்படி ஒரு குரல் அந்த உடம்பில் இருக்கிறது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். கொத்துகிற சத்தம் நின்றது. சித்தாள்கள் சட்டியைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள். இன்னாசிராஜ் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். யார் இந்த அம்மா என்று ஒரு நிமிஷம் அவருக்குப் பிடிபடவில்லை. அவளை அவர் பார்த்ததே இல்லை.

"பாய் சொன்னாருங்களே" என்றார் மெதுவாக.

"பாய் அங்கேருந்து சொன்னாரு. நான் இங்க நின்னு சொல்றேன். படியைத் திரும்ப மாட்டுங்க. சன்னலையும் மாட்டுங்க. மேல தரையில யாரு உளி வச்சது? எறங்கி வரச் சொல்லுங்க."

"நல்ல ஆசாரி எல்லாம் ஸ்ரீரங்கத்துல பாதியில நின்ன ராயகோபுரத்தை முடிக்கிற வேலைக்குப் போயிட்டாங்க பாயம்மா. கழட்டுறது லேசு. மாட்டுறதுக்கு ஆள் கெடைக்கணுமே."

"கழட்டுனது நீங்கதானே? எந்தப் பலகை எங்கே இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே மாட்டுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

இருந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முக்காட்டைச் சரியாகப் போர்த்திக்கொண்டு, படி திரும்ப ஏறுகிற வரைக்கும் தினமும் முற்றத்தில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் ஆட்கள் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். அப்புறம் சுவரை விட்டுவிட்டு அவளிடமே கேட்க ஆரம்பித்தார்கள். கொத்தியது போக மிச்சத் தரை பிழைத்தது. கொத்திய இடத்துக்குச் சிவப்பு கலந்து பூசியதில் கொஞ்சம் நிறம் மாறித்தான் போயிற்று. சாரா பீவி ஒரு வாரம் பேசவில்லை. "என் தம்பி பேச்சை நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கடைசியில் கேட்டாள். இவ்வளவும் அவர் வந்து நிற்பதற்காகத்தானே செய்கிறோம் என்று கமர் ஜஹான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் அவள் நம்பினாள்.

எண்பத்து மூன்று கார்த்திகையில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஜெகபர் சாதிக் வந்து இறங்கினார். அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறுபடியும் அரிசி களையப் போனாள். அவர் இளைத்திருந்தார். முன்தலையில் வழுக்கை விழுந்திருந்தது. சலாம் சொல்லி, தண்ணீர் குடித்து, அக்காவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு முற்றத்துக்கு வந்தார். மரப்படியை அண்ணாந்து பார்த்தார். சன்னல்களைப் பார்த்தார். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் சொன்னது ஒண்ணுமே நடக்கலையே கமரு."

"பாத்ரூம் நடந்துச்சு மச்சான்" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். சண்டை வரும் என்று நினைத்துச் சேலை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். மெத்தையை அமுக்கினார். "சவரிராயன் ஆள் கொண்டாரட்டும், பாப்போம்" என்றார்.

சவரிராயன் கொண்டுவந்தார். வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அதைப் பார்ப்பதற்கென்றே பிரான்சிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. எட்டு ரூமும் நிறைந்தன. படியில் ஏறிய ஒரு அம்மாள் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, ஏறி இறங்கி மறுபடியும் ஏறினாள். அவள் சொன்னதைச் சவரிராயன் தமிழில் சொன்னார்: "பட்டைச் சன்னல் வழியா விழுற வெயிலைப் படம் பிடிச்சே ரெண்டு ரோலு காலி பண்ணிட்டாங்களாம்." இரண்டு நாள் தங்க வந்தவர்கள் ஒரு வாரம் தங்கினார்கள்.

ஜெகபர் சாதிக்குக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய இங்கிலீஷும் நாசூக்கும் வந்தவர்களுக்குப் பிடித்துப்போனது. ஐந்தாம் நாள், ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர், தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டே வீட்டுக்குள் நுழைந்தார்: "போகப் போறதில்லை. நின்னுட்டேன்." சாரா பீவி சர்க்கரை அள்ளிக்கொண்டு வந்து எல்லோர் வாயிலும் போட்டாள். கமர் ஜஹான் உள்ளறைக்குப் போய்த் தொழுகை விரிப்பில் விழுந்து அழுதாள். கேட்டது கிடைத்துவிட்டது. இனி என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் வழக்கம்போல முற்றத்துக்கு வந்தாள். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், பிரியமாகத்தான் சொன்னார்: "இனிமே நான் இருக்கேன்ல. நீ எதுக்கு ஆம்பளைங்க நடுவுல வந்து கஷ்டப்படுறே? இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் போதும். உள்ள நிம்மதியா இரு."

உள்ளே போனாள். உள்ளே என்ன இருந்தது? சமையலுக்கு ஆள் வைத்தாயிற்று. துவைக்க ஆள் வைத்தாயிற்று. காய் நறுக்க உட்கார்ந்தால், முற்றத்தில் ஒரு பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும். எந்த ரூம் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. போய்ப் பார்க்க முடியவில்லை. சிவப்புத் தரையின் மேல் அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த நைலான் கம்பளத்தை விரித்தார். மாடிப்படித் திருப்பத்தில் பிளாஸ்டிக் ரோஜாவை வைத்தார். அதெல்லாம் கூடப் போகட்டும். ஒரு வெள்ளைக்காரப் பெண் பின்கட்டில் அவளைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க, அவர் விறுவிறுவென்று வந்து, "என் வொய்ஃப். இங்கிலீஷ் தெரியாது" என்று சொல்லி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். தெரியாதுதான். ஆனால் அந்தப் பெண் கையால் காட்டிக் கேட்டது சுடுதண்ணீர்; அது தெரியாமலா கமர் ஜஹான் எட்டு ரூமுக்கும் வெந்நீர் அடுப்பு போட்டாள்? அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை.

அவருக்கும் சும்மா இருக்க வரவில்லை. அங்கே இருநூறு ரூம், ஏகப்பட்ட ஆட்கள், மணிக்கு மணி ரவுண்டு என்று ஓடிய கால். இங்கே எட்டே ரூம். ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அப்புறம் மெத்தை விரிப்பை உருவி மறுபடியும் விரிப்பார். வாசலுக்குப் போவார், உள்ளே வருவார், மாடிக்குப் போவார். துபாயிலிருந்து யாராவது லீவில் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு ஆளைப் பிடிக்க முடியாது. அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, ஹோட்டலில் இப்போது யார் சூப்பர்வைசர், புது மேனேஜர் எப்படி என்று விசாரித்துவிட்டு மத்தியானச் சோற்றை மறந்து வருவார். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டே இருந்தார்கள்.

தை மாதம், காலமில்லாத காலத்தில் ஒரு மழை கொட்டியது. மேல் மூன்றாம் ரூமில் உத்தரத்தை ஒட்டித் தண்ணீர் கசிந்தது. ஜெகபர் சாதிக் இன்னாசிராஜை வரவழைத்தார். "மொட்டை மாடித் தளத்தைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்டு போட்டுடு. பழைய சுண்ணாம்பெல்லாம் இனிமே வேலைக்காகாது" என்றார். "சரிங்க பாய்" என்றார் இன்னாசிராஜ், கையைக் கட்டிக்கொண்டு. ஜெகபர் சாதிக் முன்பக்கம் போனார்.

இன்னாசிராஜ் மாடிக்குப் போகவில்லை. கொல்லைப் பக்கமாகச் சுற்றி, பின்கட்டு அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "பாயம்மா, மேல மூணுல ஒழுகுது. பாய் தளத்தையே கொத்தச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

கமர் ஜஹானுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்குக்கூட அவள் உணரவில்லை. "தளத்துக்கு ஒண்ணும் ஆயிருக்காது. தண்ணி போற ஓட்டையில அரசங்கன்னு வேர் விட்டிருக்கும், போன வருஷமும் அப்படித்தானே? அதைப் பிடுங்கிட்டு அந்த எடத்தை மட்டும் பூசுங்க" என்றாள். "அதான் நானும் நெனச்சேன்" என்று திரும்பிய இன்னாசிராஜ் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் கோட்டோடு ஜெகபர் சாதிக் நின்றுகொண்டிருந்தார்.

இன்னாசிராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நழுவினார்.

அன்று பின்மதியம், துவைத்து வந்த விரிப்புகளை அடுக்குகிற அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் டீ கொண்டுபோனாள். அவர் ஒரு விரிப்பை உதறி, மூலைக்கு மூலை பிடித்து, ஒரு சுருக்கமில்லாமல் மடித்தார். அந்த மாதிரி மடிக்க அந்த ஊரில் வேறு யாருக்கும் வராது.

"நான் கேசட்டுல இருந்தப்போ இந்த வீட்டுல என் பேச்சை எல்லாரும் கேட்டீங்க" என்றார். "நேர்ல வந்ததும் ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

"அக்கா சொல்லியிருப்பாங்களே மச்சான். கேசட்டுல இருந்தப்பவும் பாதிதான் கேட்டோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வருவது போல இருந்து வராமல் போயிற்று. அடுத்த விரிப்பை எடுத்தார். "கோபம் இல்லை கமரு. ஹோட்டல் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்படிக் கட்டத் தெரிஞ்சிருக்காது. ஆனா எனக்கு இங்க என்ன வேலைன்னு புரியலை. நான் முன்னாடி உட்கார்ந்தா நீ உள்ள கெடந்து தவிக்கிறே, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. நீ முன்னாடி வந்து உட்கார்ந்தா, பொண்டாட்டியை உட்கார வச்சுத் திங்கிறான்னு நாளைக்கு ஜமாஅத்துல ஒருத்தன் பேசுவான். அதை என்னால தாங்க முடியாது. நான் அப்படிப்பட்ட ஆளுதான், என்ன செய்யிறது?"

"பக்கத்துல உட்காரலாமே மச்சான். ரெண்டு பேரும்."

"பக்கத்துல உட்கார்ந்து நமக்குப் பழக்கமே இல்லையே" என்றார் அவர்.

உண்மைதானே. கல்யாணமானதிலிருந்து சேர்ந்து இருந்த நாட்களைவிடச் சேராமல் இருந்த நாட்கள்தானே அதிகம்.

"அடுத்த வாரத்தோட விசா முடியுது. டிக்கெட் ஏஜெண்ட் ஹபீபுல்லா மெட்ராஸ்ல இருக்கான், டிக்கெட் போடுறதுன்னா இன்னைக்கே தந்தி குடுக்கணும். நீ ஒரு வார்த்தை சொல்லு. நில்லுன்னா நின்னுடுறேன், சத்தியமா. யார் என்ன பேசினாலும் சரி. நிக்கட்டுமா?"

அந்த ஒரு வார்த்தையைப் பதினோரு வருஷமாக அவள் நாக்கின் நுனியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை ரயில் கிளம்பும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிய வார்த்தை. இப்போது அவரே கேட்கிறார். சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் வாயைத் திறந்தாள். முற்றத்தில் யாரோ மாடிப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. நாலாவது பலகை கொஞ்சம் ஆடுகிறது, ஆப்பு வைக்க வேண்டும் என்று மனசு ஓடியது.

"போயிட்டு வாங்க மச்சான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஐயோ என்று பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நில்லுங்கள் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டார். தோள்கள் இறங்கின. வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தட்டிவிட்டு, "அப்போ தந்தி ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிட்டு வந்துடுறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எவ்வளவு வேகமாக நடந்தார்!

கமர் ஜஹான் விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவர் போகிறாரே என்பதற்காக அழவில்லை. போகச் சொல்லிவிட்டோமே என்பதற்காகவும் இல்லை. அவர் முகத்தில் வந்த அந்த நிம்மதியை அவள் பார்த்துவிட்டாள்; அதே நேரத்தில் அவள் முகத்திலும் அதையே அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.